முகாம் வேண்டாம், மண்டபச் சாவி தாருங்கள்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் கோயில் கமிட்டித் தலைவர்மாருக்கும், சங்கத் தலைவர்மாருக்கும், மாதர் சங்க அக்காமாருக்கும் வணக்கம்.

நான் மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவள். அம்மா கொழுந்து எடுத்தவர். அப்பா ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். கொழும்பில் அக்குபங்சர், ஊசி வைத்து வலியைக் குறைக்கிற சீன வைத்தியம், படித்து முடித்து ஒன்றரை வருடமாகிறது. தோட்டத்துச் சனங்களுக்கு இந்த வைத்தியத்தைச் செய்ய இடம் கேட்டு, இதுவரை மூன்று தோட்டங்களுக்கு நேரில் போய்க் கமிட்டிக்காரர்களோடு பேசினேன். மூன்று இடத்திலும் அன்பாக உட்கார வைத்துத் தேத்தண்ணீர் கொடுத்தார்கள். மூன்று இடத்திலும் ஒரே பதில்தான் கிடைத்தது: "நல்ல காரியம்மா, திருவிழாவோட ஒரு முகாம் போட்டுருவோம்." அந்தப் பதிலை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

முகாம் வேண்டாம் ஐயா. ஞாயிற்றுக்கிழமை தோறும் மூன்று மணி நேரம் உங்கள் மண்டபத்தையும் இருபது நாற்காலிகளையும் தாருங்கள். வருடம் முழுக்கத் தாருங்கள். ஏன் இப்படிப் பிடிவாதமாகக் கேட்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

படித்து முடித்ததும் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். ஹட்டன் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் அறை எடுத்தேன். ஒரு கட்டில், ஒரு திரைச்சீலை, சுவரில் புள்ளிகள் குறித்த உடம்புப் படம். ஒரு தடவைக்கு 1500 ரூபா என்று வைத்தேன். வந்தவர்கள் கடை முதலாளிமார், டீச்சர்மார், பேங்கில் வேலை செய்பவர்கள். தோட்டத்திலிருந்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களும் ஒரு தடவையோடு நின்றுபோனார்கள். 2021இல் நாட்கூலி 1000 ரூபாவானது. 2024இல் அடிப்படைக் கூலி 1350 ஆனது. அதுவும் முழுப்பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, விழுந்தால்தான். பல தோட்டங்களில் 18 கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. என் ஒரு தடவைக் கட்டணம் அந்த ஒரு நாள் கூலியை விடக் கூடவாக இருந்தது. அதற்கு மேல் பஸ் காசு. வேலை நாளில் வந்தால் அன்றைய பேரும் போச்சு.

ஓர் அக்கா தோள் வலியோடு வந்தார். கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. சிகிச்சை முடிந்து எழுந்தபோது கொஞ்சம் தூக்கிப் பார்த்து, "பரவாயில்ல புள்ள, லேசா இருக்கு" என்றார். "அடுத்த கிழமையும் வாங்க அக்கா, பத்துத் தடவையாவது செய்யணும்" என்றேன். முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. பத்தை 1500ஆல் பெருக்குகிறார் என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. "பார்ப்போம்மா" என்று சிரித்தார். அப்புறம் வரவில்லை. அவர் கொடுத்த நோட்டுகளை அன்று ராத்திரி எண்ணி வைக்கும்போது, இதற்காகவா படித்தேன் என்றுதான் தோன்றியது. சில மாதங்களில் அந்த அறையை விட்டுவிட்டேன்.

அடுத்து நடந்ததை நான் திட்டமிட்டுச் செய்யவில்லை. ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. அம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. இருபத்தெட்டு வருடம் மலை ஏறி இறங்கிய முழங்கால் அது. பாரத்தின் கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகில் கொழுந்தோடு, வழுக்குகிற சரிவில் நிறுவைக்கு இறங்கும்போது எடை எங்கே போய் விழும் என்று மலையில் நின்ற யாருக்கும் தெரியும். இஸ்தோப்பில், வீட்டு முன் திண்ணையில், நாற்காலி போட்டு உட்கார வைத்து, கையிலும் காலிலும் காதிலுமாக ஒன்பது ஊசி வைத்தேன். பக்கத்து வீட்டு அப்பாயி எட்டிப் பார்த்தார். "என்னா புள்ள செய்யிற? எனக்கும் வையேன்" என்றார். அப்புறம் அவருடைய மருமகள். அப்புறம் லயத்தில் அடுத்த காம்பரா வீட்டுக்காரர்கள். அரை மணி நேரத்தில் ஆறு பேர். மூன்று பேருக்கு நாற்காலி இருந்தது. மற்றவர்கள் வாசற்படியிலும் மடித்துப் போட்ட சாக்கிலும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள்.

அந்தக் கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்த விரல்கள். ஆள்காட்டி விரலின் ஓரத்தில் வெடிப்பு, அந்த வெடிப்புக்குள்ளும் கறுப்பு. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதையில் ஒரு புள்ளி இருக்கிறது, சீனத்தில் ஹெகு என்பார்கள். தலைவலிக்கும் கை வலிக்கும் அதிகம் பயன்படும் புள்ளி. படிக்கும்போது நாங்கள் பழகியதெல்லாம் ஒருவர் கையில் ஒருவர், படிக்கிற பிள்ளைகளின் மெல்லிய கைகளில். அப்பாயியின் கையில் முதல் ஊசி இறங்காமல் வளைந்தது. கால் மில்லிமீற்றர்தான் அதன் தடிப்பு. எடுத்துப் போட்டுவிட்டு, வேறு ஊசியைச் சின்னக் குழாயில் வைத்து விரலால் கொஞ்சம் பலமாகத் தட்டினேன், இறங்கியது. "வலிக்குதா அப்பாயி?" "வலியில்ல, கனக்குது. கையி தூங்குற மாதிரி இருக்கு." அந்தக் கனம் வர வேண்டும் என்றுதான் நாங்களும் எதிர்பார்ப்போம்.

"வலி வலது முட்டியில, ஊசி இடது கையிலயா?" என்று அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான். வலிக்கிற இடத்தை விட்டு, அதற்கு எதிர்ப்பக்கத்தில், முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும், தலையிலும் காதிலும் வைக்கிற முறை ஒன்று இருக்கிறது. நம் இடத்துக்கு அதில் ஒரு பெரிய வசதி: யாரும் உடுப்பைக் கழற்ற வேண்டாம், படுக்க வேண்டாம். சேலையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, சட்டைக் கையை மடித்துவிட்டு, எல்லோருக்கும் முன்னால் மரியாதையாக உட்கார்ந்திருக்கலாம். கட்டிலும் திரைச்சீலையும் தேவையில்லை. வாடகை அறையும் தேவையில்லை.

இருபது நிமிடத்தில் ஒவ்வொருவராகக் கண் சொக்கினார்கள். அப்பாயி குறட்டையே விட்டார். தகரத்தில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்த ஆறு பேரும் பகல் நேரத்தில் ஒன்றாகச் சும்மா உட்கார்ந்திருந்ததை என் வாழ்நாளில் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

இப்படிப் பலரை ஒரே அறையில் நாற்காலிகளில் உட்கார வைத்துச் செய்வதற்கு உலகத்தில் ஏற்கெனவே ஒரு வழி இருக்கிறது என்று அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். சமூக அக்குபங்சர் என்கிறார்கள். 2002இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரத்தில் லிசா ரோலெடர் என்ற பெண்ணும் அவருடைய கூட்டாளியும் தொடங்கினார்கள். தொழிலாளி வர்க்க அக்குபங்சர் என்றே அந்த இடத்துக்குப் பெயர் வைத்தார்கள். சாய்வு நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, 15 டொலரிலிருந்து 35 டொலர் வரை முடிந்ததைக் கொடுங்கள், சம்பளம் எவ்வளவு என்று கேட்க மாட்டோம் என்றார்கள். தன் சொந்தக்காரர்கள் வந்து பார்க்க முடியாத விலையில் தன் கைத்தொழிலை விற்க முடியாது என்பதுதான் லிசாவின் தொடக்கம். என்னுடையதும் அதுதான்.

அதற்கு முன்பு நடந்தது சங்கத் தலைவர்மாருக்குப் பிடிக்கும். 1970இல் நியூயோர்க்கின் தென் பிரோங்ஸ் பகுதியில், லிங்கன் ஆஸ்பத்திரிக்குள் யங் லோர்ட்ஸ் என்ற புவேர்ட்டோ ரிக்கோ இளைஞர் அமைப்பினர் நுழைந்து, தங்கள் ஏழைச் சனங்களுக்கு ஒழுங்கான வைத்தியம் வேண்டும் என்று போராடினார்கள். அந்தப் போராட்டத்திலிருந்து அங்கே போதையிலிருந்து மீளும் நிலையம் ஒன்று பிறந்தது. சில வருடங்களில் அங்கே காதில் ஊசி வைக்கத் தொடங்கினார்கள். இன்று பல நாடுகளில் பழக்கத்தில் இருக்கும் ஐந்து காதுப் புள்ளி முறை அங்கிருந்து வந்ததுதான். எல்லோரும் ஒரே அறையில் நாற்காலியில் உட்கார்ந்து அதைச் செய்துகொண்டார்கள். நம் நாட்டிலும் கொழும்புப் பக்கத்துக் களுபோவில ஆஸ்பத்திரியில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய பல வருடங்கள் அக்குபங்சர் கிளினிக் நடத்தினார். வெளிநாட்டுக்காரர்கள் அங்கே படிக்க வந்தார்கள். ஆனால் ஹட்டனிலிருந்து கொழும்புக்கு ரயிலில் போகவே அரை நாள். முழங்கால் வலிக்காரி கிழமைக்குக் கிழமை எப்படிப் போவது?

கிழமைக்குக் கிழமை என்பதில்தான் முழு விஷயமும் இருக்கிறது. ஜெர்மனியில் 2007 முதல், நாட்பட்ட இடுப்பு வலிக்கும் முழங்கால் தேய்மான வலிக்கும் பொதுக் காப்புறுதியில் அக்குபங்சர் கொடுக்கிறார்கள். ஒரு தடவைக்கு அல்ல, பத்துத் தடவை வரைக்கும் கொடுக்கிறார்கள். ஒரு நாள் முகாமில் இருநூறு பேருக்கு ஊசி வைத்து, பேனருக்கு முன்னால் நின்று படம் எடுத்து, போகும்போது ஒரு பக்கெட் பிஸ்கட் கொடுத்தால் அது நன்றாக நடந்த மாதிரித் தெரியும். அன்று ராத்திரி இரண்டு பேருக்குக் கால் லேசாக இருக்கும். வியாழக்கிழமைக்குள் வலி திரும்பும். "ஊசி குத்திப் பார்த்தாச்சு, சரிவரல" என்று அத்தோடு முடிந்துவிடும். தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டின மலையில் மறுநாளே கூடையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவர் யாரும் இல்லை. இந்த வைத்தியத்துக்கும் அந்த அவகாசம் வேண்டும்.

இந்த வைத்தியம் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ஏமாந்தோம் என்று சொல்லக் கூடாது. 2018இல் 39 ஆய்வுகளின், 20,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். முதுகு, கழுத்து, தோள், முழங்கால் வலிகளிலும் நாட்பட்ட தலைவலியிலும், ஊசி வைக்காதவர்களை விட வைத்தவர்களுக்குக் கணிசமான ஆறுதல் இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகும் அதில் பெரும்பகுதி நிலைத்தது. ஒப்பிட்டுப் பார்க்கப் பெயருக்கு மட்டும் பொய் ஊசி வைத்தவர்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சின்னது. வித்தியாசம் சின்னது என்பதை வைத்து வாதாடுகிற டொக்டர்மார் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. தேய்ந்த எலும்பு ஊசியால் வளராது. சீனி நோய் மாறாது. பிரஷர் குளிசையை யாரும் நிறுத்தக் கூடாது. வலி குறைந்து, நன்றாகத் தூங்கி, மறுநாள் மலைக்குக் கொஞ்சம் இலகுவாக ஏறலாம். அவ்வளவுதான் நான் தரக்கூடியது. அந்த அவ்வளவுக்காக எங்கள் பெண்கள் இப்போது செய்வதெல்லாம் கடையில் பனடோல் வாங்கி இரண்டு இரண்டாகப் போடுவதுதான்.

நெஞ்சு வலி, திடீரென்று ஒரு பக்கம் மரத்துப் போவது, விடாத காய்ச்சல், காரணமில்லாமல் உடம்பு மெலிவது, ராத்திரியில் மட்டும் கூடுகிற முதுகு வலி என்று யாராவது வந்தால், ஊசியை எடுக்கவே மாட்டேன். தோட்ட டொக்டர் ஐயாவிடமோ டிக்கோயா ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவேன். பிள்ளைத்தாய்ச்சிகளுக்குச் சில புள்ளிகளைத் தொடக் கூடாது, அப்பாயிக்கு வைத்த ஹெகுவும் அதில் ஒன்று. இரத்தம் உறையாமல் இருக்கக் குளிசை போடுகிறவர்களிடமும் கேட்டுத்தான் செய்ய வேண்டும். என் சான்றிதழ்களின் நகலைக் கமிட்டியிடம் தருகிறேன். அதை டொக்டர் ஐயாவிடமும் காட்டுங்கள். அவருக்குத் தெரியாமல் எதுவும் செய்ய எனக்கு விருப்பமில்லை.

குடியைப் பற்றி இரண்டு கமிட்டிகளில் கேட்டார்கள். காதில் ஊசி வைத்தால் குடி நிற்கும் என்று நான் சொல்ல மாட்டேன். தானே விட நினைக்கிறவருக்குத் தூக்கத்துக்கும் படபடப்புக்கும் துணையாக வைக்கலாம். அதிகம் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்புக்கூட வரலாம், அதனால் ஆஸ்பத்திரியின் கண்காணிப்பும் வேண்டும். மனைவிமார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து உட்கார வைத்தால் பயன் இருக்காது.

இப்போது மண்டபத்துக்கு வருகிறேன். பல தோட்டங்களில் கோயிலோடு ஒட்டித்தான் மண்டபம் இருக்கிறது. மாத நாட்களில் பெண்கள் அந்த வாசலைக்கூட மிதிக்க மாட்டார்கள். அந்த நாட்களின் வயிற்று வலியும் இடுப்பு வலியும்தான் பலருக்கு மாதா மாதம் வேலை நாளைக் கெடுக்கிறது. அவர்கள் வரமுடியாத இடத்தில் நான் நாற்காலி போட்டு என்ன பிரயோசனம்? கோயில் வழக்கத்தை மாற்றச் சொல்ல நான் வரவில்லை. கோயில் வளவுக்கு வெளியே இருக்கிற வாசிகசாலையோ, ஞாயிற்றுக்கிழமை மூடிக் கிடக்கிற பிள்ளை மடுவமோ (பிள்ளை பராமரிக்கிற இடம்) இருந்தால் அதைக் கேட்டு வாங்கித் தாருங்கள். தோட்டத்தை நடத்துகிற துரையிடம் கேட்க வேண்டியிருந்தால் நானும் உங்களோடு வருகிறேன்.

மாதர் சங்க அக்காமாரிடம் ஒரு தனி வேண்டுகோள். தாய்மார் வந்தால் பிள்ளைகளும் வரும். ஊசி இருக்கிற இடத்தில் பிள்ளைகள் ஓடக் கூடாது. கிழமைக்கு ஒருவர் முறை வைத்துப் பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டால் போதும். அதோடு, எல்லோரும் சேர்ந்திருக்கிற இடத்தில் சொல்ல முடியாத விஷயங்கள் இருக்கும். லயத்தில் ஒரு வீட்டில் பேசினால் பத்து வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்டதை எல்லோருக்கும் முன்னால் சொல்லத் தேவையில்லை. உள்ளே வருவதற்கு முன் வாசலில் தனியாக நின்று என் காதில் சொன்னால் சரி.

ஊசி விஷயத்தில் நான் ஒரு தடவை பயந்திருக்கிறேன். இஸ்தோப்பில் தொடங்கிய பிறகு மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, கொப்பியில் 54 என்று எழுதி வைத்திருந்தேன். எடுத்தது 53. எல்லோரும் எழுந்து போயாயிற்று. டோர்ச் லைட் அடித்துச் சிமெந்துத் தரை முழுக்கத் தேடினேன், அம்மா சாக்கை உதறினார், தம்பி வாசற்படியைக் கூட்டினான். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, நான்காவது காம்பரா அக்கா போர்த்திக்கொண்டு போன கம்பளியின் ஓரத்தில் அது இருந்தது. அந்தக் கம்பளிக்குள் அவருடைய இரண்டு வயதுப் பிள்ளை படுத்திருந்தது. அன்றிலிருந்து வைக்கும்போது ஒருவரும் எடுக்கும்போது இன்னொருவருமாக எண்ணுகிறோம். கணக்குச் சரியாகும் வரை ஒருவரும் எழுவதில்லை. ஒவ்வோர் ஊசியும் ஒருவருக்கு ஒரு தடவைதான், பக்கெட்டிலிருந்து அவர் கண்முன்னால் உடைத்து எடுப்பேன். எடுத்ததை மூடியுள்ள பெட்டியில் போட்டு, எரிக்கக் கொடுக்க நானே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவேன். தோட்டக் குப்பையில் ஓர் ஊசிகூட விழாது. எண்ணுகிற அந்த இரண்டாவது ஆளாக உங்கள் தோட்டத்துப் படித்த பிள்ளை ஒன்று நின்றால் நல்லது. ஓ.எல். பரீட்சை முடித்துவிட்டு வீட்டில் இருக்கிற பிள்ளைகள் எத்தனை பேர்.

காசு விஷயம். இலவசமாகச் செய் என்று ஒரு தலைவர் ஐயா சொன்னார். நல்ல மனதோடுதான் சொன்னார். இலவசமாகச் செய்தால் இரண்டு மாதம் வருவேன், மூன்றாம் மாதம் கொழும்புக்கு வேலை தேடிப் போக வேண்டியிருக்கும். எனக்கு முன் படித்த எத்தனையோ பிள்ளைகள் அப்படித்தான் போனார்கள். அதனால் 200 ரூபாவிலிருந்து 600 ரூபா வரை, அவரவர் மனதுக்கும் கைக்கும் முடிந்தது. வாசலில் ஓர் உண்டியல் இருக்கும். யார் எவ்வளவு போட்டார் என்று நானும் பார்க்க மாட்டேன், நீங்களும் பார்க்கக் கூடாது. சம்பளத்துக்கு முந்திய கிழமையில் கையில் ஒன்றும் இல்லாதவர் ஒன்றும் போடாமல் வந்து உட்காரலாம். இருபது பேர் ஆளுக்கு 250 போட்டாலே 5000 ரூபா. ஊசி, பஞ்சு, ஸ்பிரிட், பஸ் காசு போக, மண்டபத்து லைட் பில்லுக்கும் அதிலிருந்து கொடுப்பேன். சனிக்கிழமை பின்னேரமும் ஞாயிறு காலையும் பின்னேரமுமாக மூன்று தோட்டம் கிடைத்தால் நான் இங்கேயே இருந்து பிழைத்துக்கொள்வேன். தயவுசெய்து செக்ரோலில், எல்லோருடைய சம்பளக் கணக்கிலும், வெட்டித் தருகிறோம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சம்பளத் துண்டில் ஏற்கெனவே போதுமான வெட்டு இருக்கிறது. வலி இல்லாதவர் எதற்குக் கட்ட வேண்டும்?

முதலில் ஒரு தோட்டத்தில் பன்னிரண்டு ஞாயிறு செய்து பார்ப்போம். முதல் நாளே ஒவ்வொருவரிடமும் வலி பத்தில் எவ்வளவு, எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், இந்த மாதம் எத்தனை நாள் வேலைக்குப் போகவில்லை என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவேன். பன்னிரண்டாவது ஞாயிறு திரும்பக் கேட்பேன். பெயர்களை எடுத்துவிட்டு அந்தக் கொப்பியைக் கமிட்டியில் வைக்கிறேன். பார்த்துவிட்டுத் தொடரலாமா நிறுத்தலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள். பன்னிரண்டும் முடியாமல் நடுவில் நிறுத்த வேண்டாம், என்னுடைய ஒரே நிபந்தனை அதுதான்.

நோட்டீஸ் வேண்டாம், பேனர் வேண்டாம், மாலை வேண்டாம். தொடங்குவதற்கு முந்திய வேலை நாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்தில் ஒரு வார்த்தை சொன்னால் மத்தியானத்துக்குள் எல்லா லயத்துக்கும் போய்விடும். நாற்காலிகளை நானும் தம்பியும் எடுத்துப் போட்டு, திரும்ப அடுக்கி, கூட்டிவிட்டுத்தான் போவோம். சாவி யார் வீட்டில் இருக்கும், எத்தனை மணிக்கு வந்து வாங்கலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
மஸ்கெலியாப் பக்கத்து லயத்திலிருந்து உங்கள் பிள்ளை